முதலில் பேட்டரிப் பெட்டி

"சார்ஜர்ல சொருகினீங்களா சார்?"

பழைய கால்குலேட்டரோடு யார் வந்தாலும் பாய் கேட்கும் முதல் கேள்வி இது. என்ன கம்பெனி, என்ன மாடல், என்ன கோளாறு என்பதெல்லாம் அப்புறம். வந்தவர் "இல்லை" என்றால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். "போட்டுப் பார்த்தேன், எரியலை" என்றால் ஒரு பெருமூச்சு வரும். அதற்குப் பிறகுதான் ஸ்டூல்.

அன்றைக்கு வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். மேற்கு மாம்பலத்திலிருந்து வந்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு கறுப்பு உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அப்பாவோடது பாய். அமெரிக்காவுல படிக்கிறப்போ வாங்கினது. பரண்ல கிடந்தது. சார்ஜரும் இருந்தது, ஆனா எலி வயரைக் கடிச்சு வெச்சிருக்கு. அதனால போடலை."

"அந்த எலிக்கு ஒரு வடை வாங்கி வைங்க," என்றார் பாய்.

உறைக்குள் இருந்தது எச்.பி.-35.

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே, இரண்டு ஆள் அகலத்தில் இருக்கிறது பாயின் கடை. 1978-ல் டிரான்சிஸ்டர் ரேடியோ கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவர். எண்பதுகளில் பர்மா பஜார் வழியாகக் கால்குலேட்டர்கள் வந்து இறங்கியபோது அவற்றைப் பிரிக்கக் கற்றுக்கொண்டார். நகைக்கடை, அரிசி மண்டி, ஆடிட்டர் ஆபீஸ் என்று எல்லா இடத்திலிருந்தும் வேலை வந்தது. பாதி வேலை ஒரே வேலைதான். திரையையும் போர்டையும் இணைக்கும் ரப்பர் பட்டையை, தெருவில் அதற்கு ஜீப்ரா என்று பெயர், ஸ்பிரிட் வைத்துத் துடைத்துத் திரும்பப் பொருத்துவது. அரை எழுத்து தெரிந்த திரையில் முழு எழுத்து தெரியும். ஐந்து ரூபாய் வாங்குவார்.

தொண்ணூறுகளில் புதுக் கால்குலேட்டரே நூறு ரூபாய்க்கு வந்துவிட்டது. ரிப்பேர் கூலியைக் கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். பாய் கல்லூரி ஆய்வகங்களின் மீட்டர், ஆசிலோஸ்கோப் பக்கம் போய்விட்டார். பழைய கால்குலேட்டர் மீண்டும் அவர் மேஜைக்கு வந்தது ரொம்ப காலம் கழித்து, அதுவும் ஒரு காயலான் கடை வழியாக.

அந்தக் கதையை அவர் யாரிடமும் மறைப்பதில்லை. புதுப்பேட்டைப் பக்கம் பழைய இரும்புச் சாமான்களுக்கு நடுவே எச்.பி.-25 ஒன்று கிடந்தது. 1975-ல் வந்த மாடல். 49 படிகள் வரை நிரல் எழுதி வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் அதை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார். காரணம், "இதுல சமக் குறி பட்டனே இல்ல பாய். எவனோ பிடுங்கிட்டான்." யாரும் பிடுங்கவில்லை. எச்.பி. கம்பெனியின் கால்குலேட்டர்களில் அப்போது சமக் குறிப் பட்டனே கிடையாது. மூன்றையும் நான்கையும் கூட்ட வேண்டுமென்றால் 3, என்டர், 4, பிறகு கூட்டல் குறி. எண்கள் முதலில், செய்கை கடைசியில். போலந்து நாட்டுத் தர்க்கவியலாளர் யான் உகாஷியேவிச் வகுத்த குறியீட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்ட முறை இது. அடைப்புக்குறி தேவைப்படாது. பழகியவர்கள் வேறு கால்குலேட்டரைத் தொடமாட்டார்கள், பழகாதவர்கள் இதைத் தொடமாட்டார்கள்.

சமக் குறி விஷயம் பாய்க்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் போனது வேறொன்று. கசிந்து நாறிப்போன பேட்டரியைக் காயலான் கடையிலேயே தூக்கிப் போட்டிருந்தார்கள். சார்ஜர் மட்டும் கூட வந்தது. கடைக்குத் திரும்பியதும் பாய் செய்த முதல் காரியம், பேட்டரி இல்லாமலே சார்ஜரைச் சொருகி ஸ்விட்சைத் தள்ளியது. சிவப்பாய் ஏதோ ஒரு நொடி மின்னியது. அதோடு சரி.

எச்.பி.-21, 25 வரிசையில் பேட்டரிக்கு இரண்டு வேலை. மின்சாரம் கொடுப்பது ஒன்று. சார்ஜரிலிருந்து வரும் அழுத்தம் எகிறாமல் தாங்கிப் பிடிப்பது இன்னொன்று. பேட்டரி இல்லாமலோ செத்த பேட்டரியோடோ சார்ஜரை மாட்டினால் அழுத்தம் நேராகச் சில்லுகளுக்குப் போய்விடும். அப்படி இயக்கக் கூடாது என்று கையேட்டிலேயே எச்சரிக்கை உண்டு. காயலான் கடையில் கையேடு எங்கே கிடைக்கும்? பாய் இதைச் சென்னைக்காரர் பாஷையில் விளக்குவார்: "ஏரி இருந்தா வெள்ளத்தை வாங்கிக்கும். ஏரியைத் தூர்த்துட்டு மழையை விட்டா, வீட்டுக்குள்ளதானே வரும்?" அந்தச் சில்லுகளை இப்போது யாரும் செய்வதில்லை. அந்த எச்.பி.-25 இன்றும் அவர் இழுப்பறையில் இருக்கிறது. அதன் திரையும் பொத்தான்களும் வேறு இரண்டு உடம்புகளுக்குப் போய்விட்டன.

அதிலிருந்துதான் அந்த முதல் கேள்வி.

வாங்கும்போதும் அதே ஒழுங்குதான். விற்பவர்கள் எல்லோரும் முன்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவார்கள். நன்றாகத் துடைத்து, சில சமயம் தேங்காயெண்ணெய் தடவி. பாய்க்கு அது வேண்டாம். "பேட்டரி மூடியைத் திறந்து ஒரு போட்டோ எடுங்க தம்பி, டார்ச் அடிச்சு." மூடியைத் திறக்க மறுப்பவரிடம் அவர் வாங்குவதில்லை. உள்ளே வெள்ளைப் பொடி இருந்தால் பரவாயில்லை. பச்சை ஏறியிருந்தால் விலை பாதி. வயரின் தோலை உரித்தால் உள்ளே செம்பு கறுத்திருக்கும் என்பது அவர் அனுபவம். கசிந்த காரம் வயருக்குள்ளேயே ஊர்ந்து போகும், வெளியே ஒன்றும் தெரியாது.

திரை எந்த வகை என்பது அடுத்தது. சிவப்பு எழுத்து என்றால் எல்.இ.டி.; அவை அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. பச்சை கலந்த நீலத்தில் கண்ணாடிக் குழாய்க்குள் எரிந்தால் ஃப்ளோரசன்ட்; 1972-ல் வந்த கேசியோ மினி அந்த ரகம். ஜப்பானில் 12,800 யென், ஆறே இலக்கம், அதுவும் பத்தே மாதத்தில் 10 லட்சம் விற்றது. இந்தக் குழாய்களுக்குப் பேட்டரியைவிடப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். அதை உண்டாக்கும் சுற்றில் உள்ள கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும்; மாற்றிவிடலாம். எல்.சி.டி. மட்டும்தான் பாயைப் பயமுறுத்துவது. ஓரத்தில் மை கொட்டியதுபோலக் கறுப்பு பரவியிருந்தால் அதற்கு வைத்தியமே இல்லை.

கைக்கு வந்ததில் அவருக்குச் செல்லம் எது என்று கேட்டால் சிங்க்ளேர் சயின்டிஃபிக் என்பார். 1974-ல் இங்கிலாந்தில் வந்தது. நான்கு கணக்கு மட்டும் போடுவதற்கென்று வடிவமைத்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லுக்குள், வெறும் 320 கட்டளைகளில் சைன், காஸ், மடக்கை எல்லாவற்றையும் அடைத்தார்கள். பை போன்ற மாறிலிகளுக்கு இடமில்லை. என்ன செய்தார்கள்? 3.14159 என்று முன்பக்கப் பிளாஸ்டிக்கிலேயே அச்சடித்துவிட்டார்கள். பார்த்துப் பார்த்து அமுக்கிக்கொள்ள வேண்டியதுதான். கடைசி இலக்கங்களை நம்ப முடியாது. "பொய் சொல்லும், ஆனா என்னமா பொழைச்சிருக்கு பாருங்க," என்பார் பாய், திறமையான மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல.

எச்.பி.-35 அப்படிப் பிழைத்ததல்ல. செல்வாக்கோடு பிறந்தது. எச்.பி. கம்பெனி 1968-ல் மேஜைமேல் வைக்கும் 9100 என்ற கணிப்பானை விற்றது. எடை சுமார் 18 கிலோ. அதைத் தன் சட்டைப் பையில் அடங்குகிற அளவுக்குச் சுருக்கித் தரச் சொன்னார் நிறுவனர்களில் ஒருவரான பில் ஹ்யூலெட். விலை அதிகம், விற்காது என்று சந்தை ஆய்வு சொன்னது. 1972 தொடக்கத்தில் 395 டாலருக்கு வந்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 3,000 ரூபாய்; நம் ஊர் இளம் எஞ்சினியர் ஒருவரின் பல மாதச் சம்பளம். 35 விசைகள், அதனால் அந்தப் பெயர். உள்ளே மொத்தம் 768 கட்டளைகள். ஒரு கிலோபைட் கூட இல்லை. பெருக்கக்கூடத் தெரியாத சுற்று, எண்களை இடம் நகர்த்தியும் கூட்டியுமே சைன் கண்டுபிடிக்கும். ஜாக் வோல்டர் என்பவர் 1959-ல் வெளியிட்ட வழிமுறை அது. விமானம் வழி கண்டுபிடிப்பதற்காக யோசித்தது. தினமும் காலையில் வாட்ஸ்ஆப்பில் வரும் ரோஜாப்பூ வணக்கம் இதைப்போலப் பல மடங்கு இடத்தை அடைக்கிறது என்பதைப் பாய் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

மேற்கு மாம்பலத்துப் பெட்டியின் தொடர் எண் 1218ஏ என்று ஆரம்பித்தது. முதல் இரண்டு இலக்கத்தோடு 1960-ஐக் கூட்டினால் ஆண்டு, அடுத்த இரண்டு இலக்கம் அந்த ஆண்டின் வாரம். 1972, பதினெட்டாவது வாரம். மே மாதத் தொடக்கம். முன்பக்கப் பட்டையில் கம்பெனி பெயர் மட்டும் இருந்தது, 35 என்ற எண் இல்லை. பாய் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. டீ மட்டும் இரண்டு சொன்னார்.

வேலை மூன்று சாயங்காலம் பிடித்தது. முதல் சாயங்காலம் முழுக்க ஸ்க்ரூ தேடுவதிலேயே போனது என்று சொல்லலாம். ஸ்க்ரூக்கள் ரப்பர் காலுக்கும் பின்பக்க லேபிளுக்கும் அடியில் ஒளிந்திருக்கின்றன. அந்த லேபிளில்தான் பயன்படுத்தும் முறை பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. கிழிந்தால் பெட்டியின் மதிப்பே போச்சு. மனைவியின் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து, கை பொறுக்கும் சூட்டில் காட்டி, பழைய சினிமாப் பட நெகட்டிவ் துண்டு ஒன்றை அடியில் நுழைத்து, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நிமிர்த்தினார். கத்தி எடுக்கவே மாட்டார்.

பேட்டரிப் பெட்டிக்குள் மூன்று நிக்கல் காட்மியம் செல்கள், வரிசையாக. மூன்றும் சேர்ந்து 3.75 வோல்ட் தர வேண்டியவை. மீட்டர் பூஜ்யம் காட்டியது. செல்லின் வாயில் உப்புப் பூத்திருந்தது. எதிர்முனையைத் தொடும் தகட்டில் பச்சை.

இந்த இடத்தில் பலர் ஆப்ப சோடாவைத் தேடுவார்கள். கார் பேட்டரிக்குப் பார்த்த பழக்கம். பழைய நாட்டுச் செல், அதாவது துத்தநாகக் கார்பன் செல், கசிந்தால் சோடா சரிதான்; அந்தக் கசிவு அமிலம். நிக்கல் காட்மியத்தில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். காரத்தைக் காரத்தால் கழுவி என்ன பயன்? இதற்கு வினிகர். எலுமிச்சையும் கேட்கும், ஆனால் அதன் சாறு காய்ந்து பிசுபிசுப்பை விட்டுவிடும் என்பதால் பாய் தொடுவதில்லை. காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரில் தோய்த்துத் தகட்டில் வைத்தார். லேசாக நுரைத்தது. நுரை நிற்கும்வரை குச்சி மாற்றி மாற்றி வைத்தார், ஒன்பது குச்சி. பிறகு பெட்ரோல் பங்கில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர், பிறகு ஐ.பி.ஏ. என்று தெருவில் சொல்லும் ஆல்கஹால். ஒரு ராத்திரி காயவிட்டார். மறுநாள் தகட்டைக் கண்ணாடியிழைத் தூரிகையால் வருடி, செம்பு தெரிந்த இடத்தில் ஈயம் பூசினார். இரண்டு அங்குல வயரை வெட்டிவிட்டுப் புதிது போட்டார்; உரித்துப் பார்த்தபோது உள்ளே கரியாக இருந்தது.

நான்காம் எண் விசை பேசவில்லை. ஒவ்வொரு விசைக்கும் அடியில் வளைந்த உலோகப் பட்டை ஒன்று இருக்கிறது. அமுக்கினால் டக்கென்று எதிர்ப்பக்கம் வளைந்து தொட்டுவிட்டுத் திரும்பும். அந்த டக்குதான் இந்தக் கால்குலேட்டரின் அழகு. விரலுக்கே தெரியும், திரையைப் பார்க்க வேண்டாம். அந்த அடுக்கைப் பிளாஸ்டிக்கை உருக்கி மூடியிருக்கிறார்கள். வெட்டித் திறக்கலாம், திரும்ப மூடினால் பழைய டக்கு வராது. பாய் ஐ.பி.ஏ. ஒரு சொட்டு விட்டு இருநூறு தடவை அமுக்கினார், உருதுவில் எண்ணிக்கொண்டே. நூற்றுச் சொச்சத்தில் அரைகுறையாகப் பேச ஆரம்பித்தது. இருநூறில் தெளிந்துவிட்டது. பக்கத்துக் கடைப் பையன் துரு போக்கும் ஸ்ப்ரேயை நீட்டியபோது, "அதை உன் சைக்கிள் செயினுக்கு அடிடா," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எண்ணெய் உள்ளே போனால் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஒரு வருஷத்தில் எல்லா விசையும் ஊமையாகிவிடும்.

விசைகளின் எழுத்தைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்து எண்களைச் செய்திருக்கிறார்கள். ஐம்பது வருஷம் விரல் தேய்த்தும் எட்டு எட்டாகவே இருக்கிறது. மேலே வண்ணம் பூசித் தரச் சொல்லி, பளபளப்பாக்கித் தரச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. அவர்களைச் செல்போன் கவர் விற்கும் கடைக்கு அனுப்பிவிடுவார்.

மூன்றாம் சாயங்காலம் மின்சாரம். பேட்டரியோ சார்ஜரோ கிடையாது. மேஜை பவர் சப்ளையில் 3.75 வோல்ட் வைத்து, 300 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாதபடி எல்லை போட்டார். ஸ்விட்சைத் தள்ளினார். மீட்டர் முள் நூறைத் தாண்டி நின்றது. திரையின் இடது ஓரத்தில், குமிழ்க் கண்ணாடிக்குப் பின்னால், கடுகளவு சிவப்பில் பூஜ்யமும் அதற்கு அடுத்த இடத்தில் ஒரு புள்ளியும்.

கடை விளக்கை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டில் கால்குலேட்டரை ஆட்டினால் எழுத்துகள் சிதறி ஓடும்; எல்லா இலக்கமும் ஒரே சமயத்தில் எரிவதில்லை, ஒவ்வொன்றாக மின்னிக் கண்ணை ஏமாற்றுகின்றன. பத்து எட்டு போட்டுப் பார்த்தார், ஒரு கோடும் விடுபடவில்லை. 30-க்கு சைன், அரை. பூஜ்யத்தால் வகுத்தால் திரை வெட்டி வெட்டி எரிந்தது, எரிய வேண்டியபடியே.

பிறகுதான் அந்தத் தொடர் எண்ணைப் பார்த்ததிலிருந்து மனதில் வைத்திருந்ததைச் செய்தார். 2.02 போட்டு இயல் மடக்கை எடுத்தார். வந்த விடைக்கு உடனே எதிர்மடக்கை எடுத்தார். போன வழியே திரும்பி 2.02-க்கு வர வேண்டும். திரையில் நின்றது 2.

கோளாறில்லை. பிறவிக் குணம். 1972-ல் வெளிவந்த முதல் எச்.பி.-35-களில் இருந்த பிழை இது. சுமார் 25,000 பெட்டிகள் விற்ற பிறகுதான் தெரிந்தது. வாங்கியவர்களுக்குக் கம்பெனி எழுதித் தெரிவித்து, வேண்டியவர்களுக்கு மாற்றிக் கொடுத்தது. மாற்றிக்கொண்டதால் பிழையுள்ள பெட்டிகள் குறைந்துபோயின. இன்றைக்குச் சேகரிப்பவர்கள் தேடுவது அந்தப் பிழையைத்தான்.

சனிக்கிழமை மகனோடு அப்பாவும் வந்துவிட்டார். எழுபத்தைந்தைத் தாண்டியவர், கட்டட எஞ்சினியர். படிக்கட்டு இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கால்குலேட்டரைக் கையில் வாங்கியதும் யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. 6, என்டர், பெருக்கல், 12, பெருக்கல், 8, வகுத்தல். டக், டக், டக். "ஐம்பத்தி நாலு," என்றார் திரையைப் பார்க்காமல். உத்தரத்தின் மீது சீரான பாரம் விழுந்தால் நடுவில் எவ்வளவு வளைதிருப்பம் என்ற கணக்காம். மகன் தன் செல்போனில் போட்டுச் சரிபார்த்தார்.

"சார், ஒரு விஷயம்," என்று பாய் 2.02 கதையை ஆரம்பித்தார்.

"தெரியும் பாய். மாத்தித் தரோம்னு சொன்னாங்க. நான் அதுக்குள்ள ஊருக்கு வந்துட்டேன். யாரு கப்பல்ல போட்டுத் திருப்பி அனுப்பறது? சந்தேகம் வந்தா கிளார்க்ஸ் லாக் டேபிளைப் பார்த்துக்குவேன்."

மகன் கேட்டார், "இப்ப அதைச் சரி பண்ண முடியுமா பாய்?"

அப்பாவும் பாயும் ஒரே சமயத்தில் "வேண்டாம்" என்றார்கள்.

கூலி 1,500 ரூபாய். பழைய பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூன்று புதிய நிக்கல் செல்களை வைத்துக் கட்டியிருந்தார். லித்தியம் வைத்தால் நாள் முழுக்க நிற்குமே என்று மகன் கேட்டதற்குப் பாய் தலையை ஆட்டினார். பழைய சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது. அது பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். லித்தியம் அதைத் தாங்காது, பற்றிக்கொள்ளும். எலி கடித்த சார்ஜரை அவர் சரிசெய்யவும் இல்லை. செல்களை வெளியே எடுத்துத் தனி சார்ஜரில் போடச் சொல்லி, பேட்டரியைக் கழற்றித் தனிக் கவரில் போட்டு, கால்குலேட்டரை உறையில் வைத்து, இரண்டையும் தனித்தனியாகவே கொடுத்தனுப்பினார்.

உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ இப்படி ஒன்று இருக்கலாம். எரிகிறதா என்று பார்க்க வேண்டாம். இன்று ராத்திரியே மூடியைத் திறந்து பேட்டரியை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். செல் வீணாகியிருந்தாலும் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டைக் குப்பையில் போடாதீர்கள். அந்தக் கூடு இப்போது எங்கேயும் புதிதாகக் கிடைப்பதில்லை.